முகம் கொடுத்தல்

(சிதம்பரத்தில் ஓவிய ஆர்வலர்கள் கூடிய அரங்கில் ஆற்றிய உரை)



நான் கடலூர் முதுநகர், அதாவது ஓ.டி.க்காரி. தொழில், ஓவியம். அதிலும் இரண்டே இரண்டு வகை. சாப்பாட்டுப் பொருளுக்குக் கண்ணும் மூக்கும் கையும் காலும் வைத்து ஆளாக்குவது ஒன்று. வீட்டில் வளர்க்கிற நாய், பூனை, கிளி, மாடு இவற்றைப் பார்த்து உருவப்படம் எழுதுவது இன்னொன்று. இருபது வருடமாக எனக்குச் சோறு போடுவது இந்த இரண்டும்தான்.

"என்ன வரையறீங்க?" என்று கேட்பார்கள். சொல்வேன். உடனே அடுத்த கேள்வி வரும். "அது சரி, பெரிசா ஏதாவது பண்ணலாமே?" பெரிசு என்றால் எது? சாமி படம் பெரிசா? தலைவர் படம் பெரிசா? கத்திரிக்காய் சின்னதா? கறுப்பு நாய்க்குட்டி சின்னதா? இந்தக் கேள்வியை இருபது வருடமாகச் சுமந்துகொண்டிருக்கிறேன். இன்றைக்கு இதை உங்கள் முன்னால் இறக்கி வைக்கப் போகிறேன். நான் எடுத்துக்கொண்ட தலைப்பு, முகம் கொடுத்தல்.

நம் வீடுகளில் மனத்தாங்கல் வந்தால் என்ன சொல்கிறோம்? "முகம் கொடுத்துக்கூடப் பேசல." சீர் செய்யவில்லை என்றால்கூட மறந்துவிடுவோம். பத்திரிகை வைக்கவில்லை என்றால்கூட ஆறிப்போகும். முகம் கொடுக்கவில்லை என்றால் ஆறுவதில்லை. ஏன்? முகம் கொடுப்பது என்றால், நீ இருக்கிறாய், உன்னை நான் பார்க்கிறேன் என்று ஒப்புக்கொள்வது. என் வேலை அதுதான். நான் தூரிகையால் முகம் கொடுக்கிறேன்.

இந்த வேலை எனக்கு வெளியூரிலிருந்து வந்ததில்லை. நம் தென்பெண்ணை ஆறு கொண்டுவந்து சேர்த்தது. ஆறு கடலில் கலக்கிற இடம் எங்கள் கடலூர். அதே ஆற்றைப் பிடித்துக்கொண்டு மேற்கே போங்கள். திருக்கோவிலூரைத் தாண்டி, சாத்தனூர் அணைப் பக்கம், திருவண்ணாமலை மாவட்டத்தில் எடத்தனூர் என்று ஒரு கிராமம். அங்கே ஒரு நடுகல். மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆவது ஆட்சியாண்டில் எழுந்தது. ஏறக்குறைய 1400 வருடப் பழமை. தன் எருமைகளைக் காக்கப் போராடி உயிர்விட்ட கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்காக நட்ட கல். அந்தக் கல்லில் அவன் மட்டும் இல்லை. அவன் பக்கத்தில் ஒரு நாய் நிற்கிறது. சும்மா ஒரு நாய் இல்லை, பெயர் உள்ள நாய். கோவிவன். கோவிவன் என்கிற நாய் இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்துநின்றது என்ற செய்தியைக் கல்லிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள்.

எண்ணிப் பாருங்கள். எழுத்து வெட்டுவது லேசான காரியமா? ஒவ்வோர் எழுத்துக்கும் உளி பிடிக்க வேண்டும், கை வலிக்க வேண்டும். அப்படிப்பட்ட காலத்தில், 'ஒரு நாயும் உடன் இருந்தது' என்று முடித்துக்கொள்ளாமல், அதன் உருவத்தை வெட்டி, பெயரையும் வெட்டினார்களே, அவர்கள் சின்ன வேலையா செய்தார்கள்?

பழைய தென்னார்க்காட்டில் இன்னொரு கல் உண்டு. விழுப்புரம் பக்கம் அரசலாபுரம். அதில் இருப்பது ஒரு கோழி! முகையூர் மேற்சேரிக்காகச் சண்டையிட்ட சேவலுக்கு ஒரு கல். கழுத்தை நிமிர்த்தி, வாலைத் தூக்கி நிற்கிறது. எழுத்து, கோவிவன் கல்லைவிடப் பழையது. ஊரின் மானத்தைத் தன் காலில் கட்டிய கத்தியில் சுமந்த சேவலுக்கு அந்த ஊர் முகம் கொடுத்தது. செல்லப் பிராணிக்குப் படம் வரைவது மேல்நாட்டு நாகரிகம் என்று நினைப்பவர்கள் அந்தக் கல்லின் முன் ஒரு நிமிடம் நின்றுவிட்டு வர வேண்டும்.

சரி, அது பழங்கதை என்பீர்கள். 2004 டிசம்பர் 26. சுனாமி வந்த அந்தக் காலை நேரத்தைப் பற்றிக் கடலூர்க்காரியான நான் அதிகம் பேச மாட்டேன். தேவனாம்பட்டினத்தில் ஆளிழந்த வீடுகள் எனக்குத் தெரியும். ஒன்றை மட்டும் சொல்கிறேன். புதுச்சேரி சின்னக்காலாப்பட்டில் ஒரு தாய், சின்னப் பிள்ளைகள் இரண்டையும் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடினாள். பெரியவன், ஏழு வயதுப் பையன், பின்னால் வருவான் என்று நம்பினாள். அவனோ பயத்தில் குடிசைக்குள் போய்விட்டான். அந்த வீட்டு நாய் குடிசைக்குள் போய், பையனை முட்டித் தள்ளி, மேடு வரைக்கும் கொண்டுவந்து சேர்த்தது. அந்த நாயின் பெயர் செல்வக்குமார். கோவிவனுக்குக் கல் கிடைத்தது. செல்வக்குமாருக்குச் செய்தித்தாளில் ஒரு படம் கிடைத்தது. இரண்டு பெயருக்கும் நடுவில் ஏறக்குறைய 1400 வருடம். அந்தப் படத்தைக் கத்தரித்து என் மேசைக்கு எதிரே ஒட்டி வைத்திருக்கிறேன். நாய்ப் படம் எழுத உட்காரும்போதெல்லாம் அதைத்தான் முதலில் பார்க்கிறேன்.

இப்போது உங்கள் ஊருக்கு வருகிறேன். தில்லைக்கு இன்னொரு பெயர் என்ன? பெரும்பற்றப்புலியூர். எங்கள் கடலூரில் உள்ள தலம்? திருப்பாதிரிப்புலியூர். இரண்டிலும் புலி எப்படி வந்தது? பூப்பறிக்க வந்த ஒரு முனிவரால் வந்தது. வண்டு தொடுவதற்கு முன்னால் பூவைப் பறிக்க வேண்டும், இருட்டில் மரமேற வேண்டும், கால் வழுக்குகிறது. அதனால் புலிக்கால் வேண்டும் என்று கேட்டு வாங்கினார். வியாக்கிரபாதர். அவருக்கு இணையாக நிற்பவர் பதஞ்சலி, இடுப்புக்குக் கீழே பாம்பு. ஆடல்வல்லானின் கூத்தை முதலில் பார்த்த இரண்டு பேரில் ஒருவர் கால் புலி, ஒருவர் பாதி பாம்பு! மனிதன், விலங்கு என்று கோடு கிழித்துப் பிரிக்காத ஊர் இது. சிறு வயதில் அப்பாவோடு இந்தக் கோயிலுக்கு வருவேன். எல்லாரும் விபூதிக்குக் கை நீட்டுவார்கள். நான் புலிப்பாதத்தில் எத்தனை நகம் என்று எண்ணிக்கொண்டிருப்பேன். சிவகாமியம்மன் சன்னதி மண்டபத்து விதானத்தில் நாயக்கர் காலத்து ஓவியம் இருக்கிறதே, கழுத்து வலிக்க அண்ணாந்து அதைப் பார்த்து நிற்பேன். நான் படித்த முதல் ஓவியப் பள்ளிக்கூடம் அந்த விதானம்தான்.

விலங்குக்குச் சொன்னேன். சாப்பாட்டுக்கு?

காய்க்கும் மீனுக்கும் முகம் கொடுத்தது நானில்லை, நம் மொழி. சந்தையில் மாங்காய் வாங்குகிறோம், கிளிமூக்கு மாங்காய். அந்த நுனியைப் பார்த்தவுடன் ஒருத்திக்குக் கிளி தெரிந்திருக்கிறது. அவளைவிடப் பெரிய கார்ட்டூன்காரர் யார்? தினையோடு சேர்த்துச் சொல்கிறோம், குதிரைவாலி. கதிர் ஆடும்போது அங்கே ஒரு குதிரை நின்று வாலை வீசுகிறது. நெல்லில் ஆனைக்கொம்பன். பயற்றில் நரிப்பயறு. கொடியில் பூனைக்காலி. மீன்கடைக்குப் போனால் தட்டையாக விரிந்து கிடப்பது வௌவால். சமையற்கட்டுக்குள் ஒரு காட்டையே குடிவைத்திருக்கிறோம், தெரியாமலே தினமும் அடுப்பேற்றுகிறோம்.

கடற்கரைக்கு வாருங்கள். ஓட்டின் மேல் மூன்று சிவப்புப் புள்ளி இருந்தால் அது முக்கண்ணு நண்டு. ஓட்டில் சிலுவை போல் கோடு விழுந்திருந்தால் சிலுவை நண்டு. நெற்றிக்கண்ணனையும் ஏசுநாதரையும் ஒரே கூடையில் வைத்துச் சுமந்து வருகிறார்கள் நம் மீனவத் தாய்மார்கள். இதற்கு மேல் என் கற்பனைக்கு என்ன வேலை?

கிள்ளையில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆரம்ப காலம். நண்டுக்குத் தலைப்பாகை கட்டி, கையில் குடை கொடுத்து, பிச்சாவரத்துப் படகில் உட்கார வைத்து ஒரு படம் வரைந்திருந்தேன். எனக்கு அதில் ரொம்பப் பெருமை. மீன் விற்கும் ஓர் அம்மாவிடம் காட்டினேன். கை ஈரத்தைப் புடவையில் துடைத்துவிட்டுப் படத்தை வாங்கினார். தலைப்பாகையைப் பார்க்கவில்லை. குடையைப் பார்க்கவில்லை. விரலை வைத்து எண்ணினார்.

"ஏ பாப்பா, நண்டுக்குப் பத்துக் காலும்மா. நீ எட்டுதான் போட்டிருக்க."

பிறகு கூடையிலிருந்து ஒன்றை எடுத்துத் திருப்பிக் காட்டினார். முன்னால் இரண்டு கொடுக்கு. அடுத்து மூன்று ஜோடி நடக்கிற கால். கடைசி ஜோடி மட்டும் வேறு மாதிரி, துடுப்புப் போலத் தட்டையாக. "இதாலதான் நீந்தும். இது இல்லன்னா கரையிலயே கெடக்க வேண்டியதுதான்" என்றார். நான் விட்டது எந்த ஜோடி தெரியுமா? அந்தத் துடுப்பு ஜோடியைத்தான். படகில் ஏற்றிவிட்டேன், நீந்துகிற காலைப் பிடுங்கிவிட்டேன். பக்கத்துப் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. அங்கே ஆராய்ச்சி செய்பவர்கள் எண்ணுகிற அதே எண்ணிக்கையை அந்த அம்மா விரல் நுனியில் வைத்திருந்தார். அன்றைக்கு எனக்கு ஒன்று புரிந்தது. வேடிக்கைப் படத்துக்குத்தான் உண்மை அதிகம் தேவை. தலைப்பாகை என் இஷ்டம். குடை என் இஷ்டம். கால் நண்டினுடையது. அதில் கை வைக்க எனக்கு உரிமை இல்லை.

கத்திரிக்காய்க்கும் இதே சட்டம்தான். சிதம்பரத்தில் நின்றுகொண்டு கத்திரிக்காயைப் பற்றிப் பேசாமல் போனால் நீங்கள் விடுவீர்களா? மிளகும் சீரகமும் பொடித்துப் போட்டு, நெய் விட்டுக் கிளறிய சம்பா சாதம். அதற்குத் தொட்டுக்கொள்ளக் கத்திரிக்காய் கொத்சு. இந்த இரண்டையும் நான் புருஷன் பெண்டாட்டியாக வரைந்து ஒரு வரிசையே செய்திருக்கிறேன். சம்பா சாதம் வெள்ளை வேட்டிக்காரர், அதிகம் பேச மாட்டார். கொத்சு அம்மாள் புளிப்பும் காரமுமாகப் பேசிக்கொண்டே இருப்பார். ஒருவர் இல்லாமல் மற்றவர் வெளியே கிளம்பமாட்டார்.

அந்தக் கத்திரிக்காயை எப்படி வரைகிறேன் என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறேன், கவனியுங்கள். முதலில் வாங்கி வந்து மேசையில் வைத்துச் சும்மா பார்ப்பேன். தொப்பி இருக்கிறதே, அது ஐந்தாறு கூராகப் பிரிந்து தோளில் படிந்திருக்கும். அதில் சின்னச் சின்ன முள். காம்பு நேராக நிற்காது, ஒரு பக்கமாக வளைந்து சாயும். அந்தச் சாய்ந்த வளைவைப் பார்த்தால் சிதம்பரத்துக்காரர்களுக்குக் கோயில் தீட்சிதர்களின் சாய்ந்த குடுமி நினைவுக்கு வரும், நான் விளக்க வேண்டியதில்லை. தோல் வெறும் ஊதா இல்லை. உச்சியில் கிட்டத்தட்ட கறுப்பு, வயிற்றில் சிவப்புக் கலந்த ஊதா, தொப்பியின் ஓரத்தில் வெளிச்சம் படாமல் வளர்ந்த இடத்தில் ஒரு வெளிறிய கோடு. மினுமினுப்பு வேண்டிய இடத்தில் வண்ணம் போடக் கூடாது, தாளின் வெள்ளையை அப்படியே விட்டுவிட வேண்டும். இதெல்லாம் முடிந்த பிறகுதான் கண். கண்ணை மேலே வைத்தால் பெரியவர், கீழே இறக்கினால் குழந்தை. கோன்ராட் லோரன்ஸ் என்ற ஆஸ்திரிய அறிஞர் 1943இல் இதை எழுதினார். பெரிய நெற்றி, தாழ்ந்த கண், உப்பிய கன்னம் கண்டால் மனிதருக்குத் தூக்கிக் கொஞ்சத் தோன்றும் என்று. அவர் எழுதுவதற்கு முன்பே எங்கள் வண்டிப்பாளையத்துக் கைகளுக்கு அது தெரியும்.

வண்டிப்பாளையம்! கடலூரில் கொலு பொம்மை செய்யும் பகுதி. தலைமுறை தலைமுறையாகக் களிமண்ணோடும் காகிதக்கூழோடும் வாழும் குடும்பங்கள். நவராத்திரிக்கு நம் வீட்டுப் படியில் உட்கார்ந்திருக்கும் செட்டியார், அவர் கடையில் குவித்த அரிசி, பருப்பு, அந்தப் பக்கம் காய்கறிக் கூடை, இந்தப் பக்கம் பசுவும் கன்றும். சாப்பாட்டையும் வளர்ப்புப் பிராணியையும் சாமியோடு ஒரே படிக்கட்டில் ஏற்றி வைத்த கலை அது. அந்தப் படியில் எது பெரிசு, எது சின்னது?

பள்ளி விட்டதும் நான் நேராக அங்கேதான் போவேன். ஒரு பெரியவர் அச்சிலிருந்து எடுத்து, காயவைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வெள்ளை அடித்து, வரிசையாக அடுக்கியிருப்பார். வண்ணம் தீட்டும்போது ஒரே வேகம். நாற்பது பொம்மைக்கும் நாற்பது சிவப்பு உதடு. பிறகு நாற்பது பச்சைக் கரை. ஆனால் கண் எழுதும்போது மட்டும் அப்படிச் செய்ய மாட்டார். ஒன்றைக் கையில் எடுத்தால் இரண்டு கண்ணையும் எழுதிவிட்டுத்தான் கீழே வைப்பார். வரிசையாகப் போட்டால் சீக்கிரம் முடியுமே தாத்தா என்று கேட்டேன்.

"ஒத்தக் கண்ணோட அத உக்காரவெக்கக் கூடாதும்மா. பாவம்."

களிமண்ணுக்குப் பாவம் பார்த்த மனிதர். வடலூர் இங்கிருந்து எவ்வளவு தூரம்? வள்ளலார் 1867இல் தருமச்சாலையில் மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை. பசித்த வயிறும், வாயில்லாத உயிரும் வேறு வேறு கவலை இல்லை என்று சொன்னவர் நடந்த மண் இது. இங்கே பிறந்த ஒருவருக்குக் களிமண்ணிடம் இரக்கம் வருவதில் எனக்கு ஆச்சரியமில்லை. அந்தப் பாவம் என்ற சொல்லை நான் என் தொழிலில் ஒரு விதியாகவே வைத்துக்கொண்டிருக்கிறேன். கத்திக்கு முன்னால் காய் அழுவதைப் போல் நான் வரைய மாட்டேன். நல்ல விலைக்குக் கேட்டிருக்கிறார்கள், மறுத்திருக்கிறேன். சாப்பிடுவது நம் வழக்கம், நானும் மீன் சாப்பிடுகிறவள்தான். ஆனால் முகத்தைக் கொடுத்துவிட்டு, அந்த முகத்தில் பயத்தை எழுதி, அதைப் பார்த்துச் சிரிப்பது என்னால் ஆகாது.

உலகத்தில் பெரியவர்களும் இப்படி முகம் கொடுக்கும் வேலையைச் செய்திருக்கிறார்கள். இத்தாலியில் அர்ச்சிம்போல்டோ, 1591இல் ரூடால்ஃப் பேரரசருக்கே பழத்தாலும் காயாலும் முகம் செய்தார். மூக்கு ஒரு பேரிக்காய், கன்னம் ஆப்பிள். சக்கரவர்த்தி கோபப்படவில்லை, மகிழ்ந்தார். லண்டனில் லூயி வெயின். அவர் மனைவி புற்றுநோயில் படுத்திருந்தார். வீட்டுக்கு வந்து சேர்ந்த பீட்டர் என்ற கறுப்பு வெள்ளைப் பூனைதான் அவருக்கு ஆறுதல். மனைவி சிரிக்க வேண்டும் என்பதற்காகப் பீட்டரை விதவிதமாக வரைந்தார் லூயி. 1886இல் பத்திரிகையில் பூனைகளின் கிறிஸ்துமஸ் விருந்து வந்தது. ஊரே கொண்டாடியது. அடுத்த வருடம் தொடங்கியதும் மனைவி போய்விட்டார். அதன் பிறகும் அவர் வாழ்நாள் முழுக்கப் பூனையைத்தான் வரைந்தார். நோயாளி ஒருத்தியின் கட்டிலருகே பிறந்த கலையைச் சின்னது என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

மறுபடி நம் மண்ணுக்கு வருகிறேன். 2011 டிசம்பர் 30. தானே புயல். பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். சில மாதம் கழித்து ஒரு விவசாயக் குடும்பம் என்னைத் தேடி வந்தது. மாமனார் வைத்த பலா, பெரிய மரம், போய்விட்டது. கையில் ஒரு படம்கூட இல்லை. "மரத்த யாரும்மா போட்டோ புடிப்பாங்க?" என்றார் அந்த வீட்டு ஆத்தா. அவரைச் சொல்லச் சொல்லி வரைந்தேன். பலா கிளையில் மட்டும் காய்ப்பதில்லை, அடிமரத்தில் காய்க்கும், வயதாக ஆகக் கீழே இறங்கி வேரிலும் காய்க்கும். அதனால் மரத்தை ஒரு பாட்டியாக எழுதினேன். தோளில் இரண்டு பேரன், இடுப்பில் ஒருத்தி, காலடியில் மண்ணில் உட்கார்ந்து ஒரு குட்டி. ஆத்தா அந்தக் கடைசிக் குட்டியைத் தொட்டார். "இதுதான். தூர்ல காய்க்கிறதுதான் தேனு. அத நாங்க விக்க மாட்டோம், புள்ளைங்களுக்குன்னு வெச்சிருவோம்." அந்தக் குட்டியின் கன்னத்தைக் கொஞ்சம் உப்ப வைத்துக் கொடுத்தேன்.

கடைசியாக ஒரு நாய். திருப்பாதிரிப்புலியூரில் ஒரு பெரியவர், தனியாக இருப்பவர். பதினான்கு வருடம் வளர்த்த நாட்டு நாய் இறந்துபோனது. பழுப்பு நிறம், பெயர் மணி. கைபேசியில் நான்கு படம் வைத்திருந்தார். நான்கும் மேலிருந்து எடுத்தவை. எல்லாரும் செய்கிற தவறு இது. நின்றுகொண்டு நாயைப் படம் எடுத்தால் தலை பெரிசாகும், கால் காணாமல் போகும், நாய் நம்மை அண்ணாந்து கெஞ்சுவது போல் ஆகிவிடும். அவரிடம் கேட்டேன். "ஐயா, மணி உங்களப் பாக்கும்போது நீங்க எங்க இருப்பீங்க?" யோசித்தார். "திண்ணையில படுத்திருப்பேன். அது கீழ படுத்திருக்கும். ரெண்டு பேரு மூஞ்சியும் எதிரெதிர இருக்கும்" என்றார்.

அந்த உயரத்திலிருந்துதான் எழுதினேன். வலது காது மடிந்திருக்கும் என்றார், மடித்தேன். மூக்கின் மேல் எப்போதோ பூனை கீறிய தழும்பு என்றார், வைத்தேன். மோவாயில் நரை எவ்வளவு என்று கேட்டேன். தன் மோவாயைத் தடவிப் பார்த்துவிட்டு, "இவ்ளோ" என்றார். கண்ணுக்கு வரும்போது வண்டிப்பாளையத்துத் தாத்தா சொன்னபடி, இரண்டையும் எழுதிவிட்டுத்தான் எழுந்தேன்.

சட்டம் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். எங்கே மாட்டட்டும் ஐயா என்று ஆணியும் சுத்தியலுமாக நின்றேன். அவர் சுவரைப் பார்க்கவே இல்லை. படத்தை வாங்கி, திண்ணைக்குக் கீழே, மணி படுக்கும் கோணிச்சாக்கை உதறிப் போட்டு, அதன் மேல் சாய்த்து வைத்தார். பிறகு திண்ணையில் ஏறிப் படுத்து, கையைத் தலைக்கு வைத்து, ஒருக்களித்துப் பார்த்தார். உயரம் சரியாக இருந்தது.